அந்தச் சாவி

நேத்து ராத்திரி மறுபடி 'லைஃப் இன் எ மெட்ரோ' இந்திப் படம் பார்த்தேன். இயக்கம் அனுராக் பாசு, 2007. பதவி உயர்வுக்காகத் தன் ஃபிளாட் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுக்கிற ஷர்மன் ஜோஷி. மும்பையில் ஒழுக்கத்தை விட அரிதானது தனியறைதான் போல!

ஆனா என்னை உலுக்கினது கே கே மேனன். தன் தொடர்பை மனைவியிடம் ஒத்துக்கிட்டு மன்னிப்பை எதிர்பார்க்கிற மனுஷன், மனைவியா வர்ற ஷில்பா ஷெட்டி எல்லை தாண்டாத தன் சலனத்தைச் சொன்னதும் கொதிக்கிறார். அவருக்கு ஒரு தராசு, அவளுக்கு வேற தராசு. கடைசியில் அவள் அவரோடவே தங்கிடுறாள். அதுல எனக்கு இன்னும் கோபம்தான்.

மறைந்த நடிகர் இர்ஃபான் கான் குதிரையில் வர்ற காட்சிக்கு மட்டும் சிரிச்சேன். (மிஸ் யூ, மனுஷா.)