மேஜர் கம்ப்யூட்டர் சயின்ஸ், மைனர் ஏவியேஷன்

ஒஹையோவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, படித்துக்கொண்டே ஏவியேஷன் என்ற விமானத் துறைப் படிப்பை மைனராக, அதாவது துணைப் பாடமாக, முடித்தேன். ஊரிலிருந்து படிக்க வரும் தம்பி தங்கைகள் "அதை எடுத்தா பைலட் ஆகிடலாமாண்ணா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மைனரை மட்டும் வைத்து ஆக முடியாது. இது பெரும்பாலும் வகுப்பறைப் பாடம்தான்: வானிலை, விமானப் போக்குவரத்துப் பொருளாதாரம், பாதுகாப்பு, மனிதத் தவறுகள் எப்படி நேர்கின்றன என்று பார்க்கும் மனிதக் காரணிகள், பறப்பதற்கான தரைப் பாடமான கிரவுண்ட் ஸ்கூல். எங்களிடம் விமானம் ஓட்டுவது விருப்பப் பாடம், அதற்குப் பணமும் தனி. அமெரிக்காவில் ஏர்லைன்ஸ் பைலட் ஆக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஏவியேஷனையே மேஜராக, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அது 1000 அல்லது 1250 ஆகக் குறையும். மைனருக்கு இந்தச் சலுகை இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் சேர்ந்தேன், அதனால் ஏமாற்றமும் இல்லை.

பறக்கும் பாடத்தையும் எடுத்தேன். ஒஹையோவில் சில பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த விமான நிலையமே இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்துப் போய் விமானம் ஓட்டலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் நேராகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களை ஓட்டியவர்கள் அமெரிக்க விமானப் பள்ளிகளில் பயின்றவர்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, முகவரி விவரம், கைரேகை எல்லாம் கேட்பார்கள். அனுமதி வந்த பிறகும், பயிற்சி தொடங்கும்போது பள்ளிக்காரர்கள் நம்மைப் படம் எடுத்து அனுப்புவார்கள். வகுப்பறைப் பாடங்களுக்கு இது தேவையில்லை. ஆகவே முதல் செமஸ்டரில் வகுப்பறைப் பாடத்தை எடுத்துக்கொண்டு, அப்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மெடிக்கல். பறக்கும் பாடத்தில் நாம் வாங்குவது தனியார் பைலட் உரிமம், சம்பளத்துக்கு இல்லாமல் சொந்தமாக ஓட்டுவதற்கானது. அதற்கு மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். 40 வயதுக்குள் வாங்கினால் 60 மாதம் செல்லும். கண்ணாடி போட்டிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். மனச்சோர்வுக்கோ கவனக்குறைவுக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், இணையத்தில் படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே விமான மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அங்கே சிக்கினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

நான் ஓட்டிய விமானம் செஸ்னா 172, சின்னப் பயிற்சி விமானம். முதல் பாடம் தரையில்தான். இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன வால்வைக் கண்ணாடிபோன்ற குழாயால் அழுத்தி, கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இதற்குப் போடும் 100எல்எல் வகை விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். அடியில் தண்ணீர் இருந்தால் கண்ணாடிக் குமிழாகத் தனியே நிற்கும், தெளியும்வரை மறுபடி பிடிக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் பெட்ரோல் விரலில் வழிந்தால் எரியும். கையுறை போட்டால் வால்வு பிடிபடாது.

இன்ஸ்ட்ரக்டர் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். "சார்" என்றால் அவருக்குச் சிரிப்பு வரும். ரேடியோ பேச்சுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கன்ட்ரோலர் ஒரே மூச்சில் கொட்டுவதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். லைவ் ரேடியோவை போனில் போட்டுக் கேட்டுக் கேட்டே காது பழகியது.

தனியார் உரிமத்துக்குச் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், அங்கீகரித்த பாடத்திட்டம் உள்ள பள்ளியில் 35. அந்தக் கணக்கில் முடித்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. ஒஹையோவின் குளிர்கால மேகமே முக்கியக் காரணம். மேகத்தளம் 800 அடி என்று அறிக்கை வந்தால் பயிற்சி ரத்து, இடைவெளி விழுந்தால் கை மறந்துவிடும், மறந்ததைத் திரும்பக் கற்கவும் காசு. செலவு பத்தாயிரம் டாலரை எளிதாகத் தாண்டும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் பறந்தவர்கள்தான் சீக்கிரம் முடித்தார்கள். அம்மாவிடம் அதற்கு அனுமதி வாங்குவது டிஎஸ்ஏ அனுமதியைவிடக் கடினம்.

முதல் சோலோவில், அதாவது தனியாகப் பறந்தபோது, இன்ஸ்ட்ரக்டர் உட்காரும் வலது இருக்கை காலி. அவர் எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட விறுவிறுவென்று ஏறியது. இறங்கி வந்ததும் இங்குள்ள வழக்கப்படி என் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். நல்ல சட்டை அது.

இவ்வளவு இருந்தும், எது மிச்சம் என்று கேட்டால் மனிதக் காரணிகள் வகுப்பைத்தான் சொல்வேன். 1972-இல் ஈஸ்டர்ன் 401 என்ற பயணிகள் விமானம் மியாமி அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தது. விமானம் நன்றாகத்தான் இருந்தது. சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கின் பல்பு போய்விட்டது. காக்பிட்டில் எல்லோரும் அந்த பல்பிலேயே முனைந்திருக்க, ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. 1978-இல் போர்ட்லேண்டில் யுனைடெட் 173 என்ற விமானம் விழுந்தது. மறுபடி சக்கரப் பிரச்சினைதான். கேப்டன் அதையே ஆராய்ந்துகொண்டிருந்தார், எரிபொருள் தீர்ந்துவருவதை மற்ற இருவரும் ஜாடைமாடையாகச் சொன்னார்களே தவிர அழுத்திச் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். இந்த விபத்துகளின் விளைவாகத்தான், கீழே இருப்பவர் வாய் திறக்கவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் பழக்கும் பயிற்சியே வந்தது.

சார் சொன்னால் சரி என்று பழகி வந்தவன் நான். அந்த யுனைடெட் விமானத்தின் காக்பிட் பேச்சுப் பதிவைப் படித்தபோது, அந்த இடத்தில் நானும் அப்படித்தான் முனகியிருப்பேன் என்று தோன்றியது. செஸ்னாவில் இன்ஸ்ட்ரக்டர் வேண்டுமென்றே தவறான உயரத்தைச் சொல்லிச் சோதிப்பார். "இல்லை, நமக்குச் சொன்னது 2500 அடி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இப்போது வேலையில், இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து பத்துப் பேர் ஒரே எச்சரிக்கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மற்ற கிராபை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது நான்தான்.

உரிமத் தேர்வு இரண்டு கட்டம். 60 கேள்வி எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அப்புறம் தேர்வாளரோடு வாய்மொழித் தேர்வு, அதே நாளில் பறந்தும் காட்ட வேண்டும். வாய்மொழியில் பாதி நேரம் வானிலையிலேயே போனது. பறக்கும்போது அவர் சட்டென்று எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை இழுத்துவிட்டு "எஞ்சின் போச்சு" என்றார். எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்குவதற்கான 68 நாட் வேகத்தைப் பிடித்து, இறங்கக்கூடிய இடமாகச் சோளக்கொல்லை ஒன்றைக் கைகாட்டினேன்.

உங்கள் அட்வைசரிடம் கேட்க வேண்டியவை: பறக்கும் பாடம் மைனருக்குக் கட்டாயமா, அதன் கட்டணம் ஸ்காலர்ஷிப்பில் அடங்குமா, செமஸ்டருக்குள் முடியாவிட்டால் மார்க் என்ன ஆகும். கடைசிக் கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். மேகத்துக்கு செமஸ்டர் கணக்கு தெரியாது, 'முடிவுறாதது' என்று மார்க் பட்டியலில் விழுந்து அடுத்த பருவம்வரை நின்றவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு.