எஸ்எஸ்பி-க்காக மெட்ராஸ் ரெஜிமென்ட் வரலாறு: நான் படித்த விதம்

ராணுவ அதிகாரியாகச் சேர எழுதும் சிடிஎஸ் எழுத்துத் தேர்வுக்கு ரெஜிமென்ட் வரலாறு பெரிதாகத் தேவைப்படாது. அதில் தேறியவர்களை நேரில் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலில் நிலைமை வேறு. காலாட்படைதான் விருப்பம் என்றால், "எந்த ரெஜிமென்ட்? ஏன்?" என்று ஐஓ (நேர்காணல் அதிகாரி) பிடித்துக்கொள்வார். நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்போம்.

1758-இல் பட்டாலியன்களாக அமைந்தது, பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டன், 'ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய:' என்ற கீதை வாசகம், 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற போர் முழக்கம். இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. அதைத் தாண்டி 'ஏன்' என்று கேட்டுப் படித்தபோதுதான் பேசுவதற்குச் சரக்கு கிடைத்தது.

சின்னத்தில் இருக்கும் யானையை எடுத்துக்கொள்ளுங்கள். 1803-இல் இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அசாயேயில், ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் மெட்ராஸ் சிப்பாய்கள் மராத்தியரை வென்றதற்குக் கிடைத்த அடையாளம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு, இந்தியர்களுக்கு எதிரான பழைய வெற்றிகளைக் கொண்டாடுவதில்லை என்று ராணுவம் அந்த வெற்றியை ஒதுக்கி வைத்தது. யானை மட்டும் தங்கிவிட்டது. இது சரியா என்று ஐஓ கேட்கக்கூடும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மரபில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உங்களுக்கென ஒரு கருத்து இருக்கட்டும்.

அடுத்தது, ரெஜிமென்ட் வரலாற்றில் விழுந்த இடைவெளி. 1880-களில் மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் சண்டைக்கு லாயக்கில்லை என்று நம்பியவர். சில சமூகத்தினர்தான் சண்டைக்குப் பிறந்தவர்கள் என்ற 'போர்க்குடி' கொள்கை வலுக்க வலுக்க இங்கே ஆளெடுப்பு சுருங்கியது. 1920-களில், மிஞ்சியிருந்த மெட்ராஸ் காலாட்படையையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதே தெற்கத்தியர் தேவைப்பட்டார்கள்! 1806 வேலூர்க் கிளர்ச்சியையும் இதனோடு சேர்த்தே படியுங்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை என்று அங்கே வெடித்ததும் இதே மெட்ராஸ் படைதான்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றுச் சண்டை என்றதும் எல்லோரும் பரம்வீர் சக்ரா பெற்ற டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பாலைச் சொல்வார்கள். டாங்கிகளுக்கு முன்னால் ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம்பிடித்த காலாட்படையில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 16-வது பட்டாலியனான 16 மெட்ராஸும் உண்டு. அந்தச் சண்டை நடந்த ஷகர்கர் பகுதியின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் புரியும்.

அப்புறம், இதில் ஒரு தலைப்பை எடுத்து லெக்சரெட் (எஸ்எஸ்பி-யில் வரும் குட்டிப் பேச்சு) மாதிரி மூன்று நிமிடம் சத்தமாகப் பேசிப் பாருங்கள். எஸ்எஸ்பி-யில் நம்மைப் பற்றி நிரப்பித் தரும் பிஐக்யூ படிவத்தில் 'ராணுவ வரலாறு' என்று பொழுதுபோக்கு எழுதுவதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.