கணக்கில் வராத வம்சாவளிகள்

மரபணுத் தகவலை வைத்து நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் குழு ஒன்றில், அமெரிக்காவில், தரவுப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான சிறு மரபணு வேறுபாடுகளுக்குத் தலா ஓர் எடை போட்டுக் கூட்டினால் வருவது பாலிஜெனிக் ஸ்கோர். கூட்டல் சுலபம். எடைகள் யாரிடமிருந்து வந்தன என்பதில்தான் வில்லங்கம். 2019இல் வெளியான ஒரு கணக்குப்படி, இந்த எடைகளைத் தரும் மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். லத்தீன் அமெரிக்க வழியினரான லத்தீனோக்கள் 1 சதவீதம் அளவில்தான். 2020 சென்சஸில் அமெரிக்காவில் மட்டும் அவர்கள் 6.2 கோடி பேர்.

எங்களுக்கு வரும் கோப்புகளில் லத்தீனோக்களைக் குறிக்க ‘ஹிஸ்பானிக்’ என்று ஒரே ஒரு நெடுவரிசை இருக்கும்: ஆம் அல்லது இல்லை. அந்த ‘ஆம்’ ஆட்களை மட்டும் எடுத்து, மரபணு ஒற்றுமைப்படி ஆளுக்கொரு புள்ளி வைத்து வரைபடம் போட்டால் புள்ளிகள் ஒரு கொத்தாக நிற்காது, நீளமாக இழுபடும். மெக்சிகோ வழியினரிடம் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி மரபு அதிகம். டொமினிகன், புவேர்ட்டோ ரிக்கோ வழியினரிடம் ஆப்பிரிக்க மரபு கூடுதல். ஒரே ஆளின் ஒரே குரோமோசோமில் ஒரு துண்டு பூர்வகுடி, அடுத்தது ஸ்பெயின், அதற்கடுத்தது மேற்கு ஆப்பிரிக்கா.

ஸ்கோர் தடுமாறுவது இங்கேதான். ஆய்வில் பிடிபடும் வேறுபாடு பல நேரம் நோய்க்குக் காரணமே அல்ல, காரணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளம். ஐரோப்பியர்களிடம் இரண்டும் சேர்ந்தே வரும். வேறு வம்சாவளித் துண்டில் அடையாளம் மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. அப்புறம் வம்சாவளிக்கு வம்சாவளி ஸ்கோரின் சராசரியும் நகர்ந்துவிடும்: எல்லோருக்கும் ஒரே வெட்டுக்கோடு போட்டால் ‘அதிக ஆபத்து’ பட்டியல் நோயைக் காட்டாமல் பூர்வீகத்தைக் காட்டும். ஒவ்வொருவரின் வம்சாவளி விகிதத்துக்கு ஏற்ப சராசரியைச் சரிக்கட்டலாம், நாங்களும் செய்கிறோம். பட்டியல் ஒழுங்காகத் தெரியும். ஆனால் கணிப்பின் துல்லியம் அதனால் கூடிவிடாது.

புள்ளியியல் முறையை மெருகேற்றினால் போதும் என்று சில சகாக்கள் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2013 கடைசியில் வெளியான ஆய்வு ஒன்றில், மெக்சிகோ மற்றும் லத்தீன் அமெரிக்க மக்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுவைப் பார்த்தபோது எஸ்.எல்.சி.16.ஏ.11 மரபணுவில் ஒரு வகை சிக்கியது. ஒவ்வொரு பிரதிக்கும் இரண்டாம் வகை நீரிழிவு ஆபத்தைச் சுமார் 20 சதவீதம் கூட்டும், அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தாலிடமிருந்து வந்தது, அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் ஏறக்குறைய பாதி அளவுக்கு இருக்கிறது, ஐரோப்பியர்களிடம் அரிது. ஐரோப்பியத் தரவை எத்தனை தடவை பிழிந்திருந்தாலும் இது சொட்டியிருக்காது. மார்பகப் புற்றுநோயில் கதை தலைகீழ்: ஆறாவது குரோமோசோமில், பூர்வகுடி வழியே வந்த ஒரு வகை ஆபத்தைக் குறைக்கிறது. அதை விட்டுவிட்டால் சில பெண்களை வீணாகப் பயமுறுத்துவோம்.

நல்ல செய்தியும் உண்டு. மெக்சிகோ நகரின் கொயோகான், இஸ்தபலாப்பா பகுதிகளில் 1998 முதல் 2004 வரை சேர்த்த சுமார் 1.5 லட்சம் பேரில் பெரும்பாலானோரின் மரபணு விவரம் 2023இல் வந்தது. மெக்சிகோ வழியினரின் பூர்வகுடித் துண்டுகளுக்கு எடை போட இனி ஆதாரம் உண்டு. டொமினிகன் வழியினரின் ஆப்பிரிக்கத் துண்டுகளுக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது. அவர்களுடைய அறிக்கைகளில் ஸ்கோரை அச்சிடாமல் விடலாம் என்பது என் கட்சி. குழுவில் பாதிப் பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.