பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டரில் சைன் கோணுகிறதா? முக்கோணத்தைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபங்ஷன் ஜெனரேட்டரில் (சோதனைக்கான சைன், முக்கோண, சதுர அலைகளைத் தரும் கருவி) சைன் அலை கோணலாக வந்தால் உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். முதலில் முக்கோண அலைக்கு மாற்றுங்கள். சைனில் 2, 3 சதவீதச் சிதைவு இருந்தாலும் ஆசிலாஸ்கோப் (ஸ்கோப்) திரையில் நம் கண்ணுக்குப் பிடிபடாது. முக்கோணத்தின் நேர்கோட்டில் சின்ன முறிவு விழுந்தாலும் பளிச்சென்று தெரியும்.

1 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். ஆஃப்செட் (அலையை மேலே கீழே நகர்த்துவது), சிமெட்ரி (அலையை ஒரு பக்கம் சாய்ப்பது) இரண்டும் ஆஃபில் இருக்க வேண்டும். சுமையில்லாமல் 20 வோல்ட் பீக்-டு-பீக் (உச்சியிலிருந்து அடிவரை) தரும் கருவியில் முழு அளவு வைத்துக்கொண்டு ஆஃப்செட்டையும் 3 வோல்ட் ஏற்றினால் ஒரு பக்கம் வெட்டுப்படத்தான் செய்யும், அது பழுதல்ல. ஸ்கோப் ப்ரோபை அதன் காலிப்ரேஷன் முனையில் வைத்து, சதுர அலையின் மூலைகள் நேராக நிற்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சுமை. அரை வாட் 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் 50 ஓம் ஆகிவிடும். 10 வோல்ட் பீக்-டு-பீக்கில் அதில் போவது கால் வாட்தான், தாங்கும். வெளியீட்டுத் தடை 50 ஓம் உள்ள கருவியில், சுமை போட்டதும் அலை சரியாகப் பாதியாக இறங்க வேண்டும். அதற்கும் கீழே போனால், சுமையில்லாத அளவைச் சுமையுள்ள அளவால் வகுத்து, 1 கழித்து, 50ஆல் பெருக்குங்கள்: அதுதான் கருவியின் உண்மையான வெளியீட்டுத் தடை. 80, 100 ஓம் என்று வந்தால், யாரோ அவுட்புட்டில் வெளி வோல்டேஜைச் செருகி உள்ளேயிருக்கும் ரெசிஸ்டரைக் கருக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய கருவிகளில் இது சர்வ சாதாரணம். பல கருவிகளில் அந்த 50 ஓமே பக்க இணைப்பில் உள்ள இரண்டு 100 ஓம்தான். ஒன்று போனால் தடை 100 ஆகிவிடும். சுமையில்லாமல் நன்றாக இருந்த அலையில், சுமை போட்டதும் ஒரு பாதி மட்டும் சப்பையானால், அலையின் மேல், கீழ்ப் பாதிகளைத் தனித்தனியே தள்ளும் புஷ்-புல் ஜோடியில் அந்தப் பக்கத்து டிரான்சிஸ்டர் போயிருக்கிறது.

இப்போது முக்கியமான சோதனை. முக்கோணம் திரையில் இருக்க, ஆம்ப்ளிட்யூட் குமிழை மெதுவாகக் குறையுங்கள். பெரும்பாலான கருவிகளில் அந்தக் குமிழ் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் இருக்கும். குறைத்ததும் சிதைவு மறைந்தால் அது வெட்டுப்படுவது: சப்ளையையோ அவுட்புட் டிரான்சிஸ்டரையோ பாருங்கள். குறைக்கக் குறைக்கச் சிதைவு பெரிதாகத் தெரிந்தால், அதுவும் பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் படி விழுந்தால், அது கிராஸ்ஓவர் (ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து மற்றதற்கு மாறும்போது வரும் சிதைவு): டிரான்சிஸ்டர்களை எப்போதும் லேசாக ஓட வைக்கும் பயாஸ் டயோடு அல்லது பயாஸ் ட்ரிம்மரைப் பாருங்கள். எமிட்டர் ரெசிஸ்டர் 10 ஓம் என்றால் அதன் குறுக்கே சும்மா இருக்கையில் 50 முதல் 100 மில்லிவோல்ட் வருவது நல்லது. பூஜ்யம் வந்தால் பயாஸே இல்லை. எந்த அளவிலும் ஒரே மாதிரி கோணலாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள், குறை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அந்தக் கோணல் மிகக் குறைந்த அதிர்வெண் ரேஞ்சில் மட்டும், கோடு வளைந்து வருவதாக இருந்தால் அந்த ரேஞ்சின் கெபாசிட்டர் கசிகிறது.

ரங்கூனில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பே வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜை அளப்பது நல்லது. 230 என்று பேர். சாயங்காலம் 180க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் 180 வோல்ட்டில் 14.1தான் தரும். உச்சம் 19.9, டயோடுக்கு 0.7 போக 19.2. கால் ஆம்பியர் இழுக்கும்போது 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 2.5 வோல்ட் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்), ஆக அடிமட்டம் 16.7. 15 வோல்ட்டை நிலையாகத் தரும் 7815 ரெகுலேட்டருக்கு உள்ளே ஏறக்குறைய 17 வேண்டும். அலையின் உச்சியில் வினாடிக்கு 100 தடவை பள்ளம் விழும். கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் இன்னும் மோசம். 35 வோல்ட் 2200 மைக்ரோஃபாரட் போட்டால் அடிமட்டம் 18.1க்கு ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்கோப் ட்ரிகரை (அலையைத் திரையில் நிறுத்தும் அமைப்பு) லைனுக்கு, அதாவது வீட்டு மின்சாரத்துக்கு, மாற்றுங்கள்: பள்ளங்கள் ஓடாமல் நின்றால் குற்றவாளி சப்ளைதான். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொண்டு சோதிப்பதும் வீண்வேலை.

ஜப்பான் பெட்டி என்றால் பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் 100, 120, 220, 240 வோல்ட்டுக்கான டேப் (தனித்தனி இணைப்பு முனைகள்) இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். 100லிருந்து 220க்கு மாற்றினால் ஃபியூஸும் பாதி ஆம்பியராக வேண்டும். 240 டேப்பில் வைத்துவிட்டு 190 வோல்ட்டில் ஓட்டினால் மேலே சொன்ன பள்ளம் சீக்கிரமே வரும். டேப் இல்லையென்றால் சுருள் சுற்றிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அலையை வெட்டித் தரும் பயணக் கன்வெர்ட்டர் கூடவே கூடாது.

எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் ஸ்கோப்பும் ஜெனரேட்டரும் தனித்தனியாக மிதக்கும். லைன் ஃபில்டர் உள்ள பெட்டியின் உடம்பில் பாதி வோல்டேஜ் வரை நிற்கும். தொட்டால் சுரீர் என்றிருக்கும், திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வரும். முறையான எர்த் இழுப்பதுதான் வழி. அதுவரை, ப்ரோபை வைக்கும் முன் இரண்டு பெட்டிகளின் உடம்பையும் கனமான ஒயரால் சேர்த்துவிடுங்கள். இது இரைச்சலுக்குத்தான், ஷாக்குக்குப் பாதுகாப்பல்ல.

முக்கோணம் சுத்தம், சைன் மட்டும் கோணல் என்றால் முக்கோணத்தை வளைத்துச் சைனாக்கும் சைன் ஷேப்பர்தான் மிச்சம். எக்ஸ்ஆர் 2206 சிப் இருந்தால் 13, 14 முனைகளுக்கு நடுவே 500 ஓம் ட்ரிம்மரும், 15, 16க்கு நடுவே 25 கிலோ ஓம் ட்ரிம்மரும் இருக்கும். கருவியை அரை மணி நேரம் சூடாக விட்டு, ஸ்கோப்பில் எஃப்எஃப்டி (அலையில் கலந்திருக்கும் ஹார்மானிக்குகளை, அதாவது மடங்கு அதிர்வெண்களை, பிரித்துக் காட்டும் வசதி) போட்டு, 15, 16 ட்ரிம்மரால் இரண்டாம் ஹார்மானிக்கையும் 13, 14 ட்ரிம்மரால் மூன்றாம் ஹார்மானிக்கையும் மாறி மாறிக் குறையுங்கள். 0.5 சதவீதம் அளவில் வந்ததும் நிறுத்திவிடலாம். இந்தச் சிப்பில் அதற்குக் கீழே எதிர்பார்க்க முடியாது. ஆடியோ ஆம்ப்ளிஃபயரின் சிதைவை அளக்க நினைப்பவர்களுக்கு சுத்தமான சைனை நேரடியாகத் தரும் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர்தான் சரி.