இருட்டுச் சவாரியும் போன் வெளிச்சமும்: ஆர்லாண்டோ நாட்குறிப்பு

மார்ச் 11, 2024, திங்கள்

ஸ்பிரிங் பிரேக், அதாவது வசந்த கால விடுமுறைக் கூட்டம். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஹாண்டட் மேன்ஷனுக்கு நீண்ட வரிசை. அம்மாவுக்கு முட்டி வலி. ஆனாலும் "பேய் வீடுன்னா நானும் வர்றேன்" என்று வந்துவிட்டாள்.

1971இல் பூங்கா திறந்த அன்றே ஓடத் தொடங்கிய சவாரி இது. உள்ளே நடன அறைதான் உயிர். மேல்மாடத்தில் நம் வண்டி மெல்ல நகர, கீழே பேய்கள் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும். உடம்பு வழியே பின்னாலிருக்கிற சாமான்கள் தெரியும். வித்தை பழசுதான். ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் 1862இல் லண்டனில் மேடையேற்றியது. நமக்கும் அந்த அறைக்கும் நடுவில் மிகப் பெரிய கண்ணாடி நிற்கிறது. ஆடும் பொம்மைகள் இருப்பது நம் பார்வை போகாத இடத்தில். அவற்றின் மேல் விளக்கு விழும்போது பிம்பம் மட்டும் கண்ணாடியில் மிதக்கும். நாம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் வரைதான் கண்ணாடி கண்ணில் படாது.

பக்கத்து வண்டியில் ஒருவர் பிளாஷ் போட்டார். பேய்கள் காணாமல் போய், வரிசையாக எங்கள் வண்டிகளும், போனைத் தூக்கிப் பிடித்த அவருடைய வெள்ளைச் சட்டையும் எதிரே தெரிந்தன.

"அம்மா, அங்க கண்ணாடியா இருக்கு?" என்றாள் சின்னவள். ஏழு வயது. இனி எத்தனை முறை வந்தாலும் அவளுக்கு அது கண்ணாடிதான்.

அவருக்கும் படம் கிடைத்திருக்காது. போன் பிளாஷின் வீச்சு சில அடி தூரம்தான். கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் படமாகியிருக்கும்.

பிளாஷ் வேண்டாம், எங்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று சவாரியிலேயே பேய்க் குரலில் சொல்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பேய் இன்னும் கொஞ்சம் கறாராகச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12, செவ்வாய்

பீட்டர் பேன் சவாரி. மேலிருந்து தொங்கும் கப்பலில் ஏறி இரவு நேர லண்டனுக்கு மேலே பறக்கிறோம். புற ஊதா விளக்கில் ஒளிர்கிற பெயின்ட்தான் இங்கே வித்தை. வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்த ஒளிர்வு செத்துவிடும், வெட்டி ஒட்டிய பலகைதான் மிச்சம்.

இன்று யாரும் பிளாஷ் போடவில்லை. ஆனால் முன் கப்பலில் இருந்த பெண் ஏறியதிலிருந்து இறங்கும் வரை வீடியோ எடுத்தார், திரை முழு வெளிச்சத்தில். பிளாஷாவது ஒரு நொடியில் போய்விடும். இது கூடவே வருகிறது. இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், சவாரியோ சில நிமிடம். பழகத் தொடங்கிய கண்ணைப் போன் திரை திரும்ப முதல் படிக்கே தள்ளிவிடுகிறது.

இரவு ரூமில் இவரிடம் புலம்பினேன். "காசு குடுத்து வந்திருக்காங்க, எடுத்துட்டுப் போகட்டும், விடேன்" என்றார். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளாஷ் இல்லாமல் எடுக்க இங்கே பெரும்பாலும் தடையும் இல்லை. திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, போனை நெஞ்சோடு பிடித்து எடுத்தால் பின்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. வீடியோவில் பிளாஷ் 'ஆட்டோ'வில் இருந்தால் இருட்டில் டார்ச் தானாக எரியக்கூடும். வரிசையில் நிற்கிற நேரத்தில் அதை அணைத்து வைக்கலாம். நைட் மோடை நம்பவும் வேண்டாம். சில நொடி ஆடாமல் பிடிக்க வேண்டிய சமாச்சாரம் அது, ஓடும் வண்டியில் எங்கே பிடிப்பது?

மார்ச் 13, புதன்

கோட்டை முன் வாணவேடிக்கை. செல்ஃபி ஸ்டிக்கை 2015லேயே தடை செய்துவிட்டார்கள், புண்ணியம். அந்த இடத்தை இப்போது டேப்லெட் பிடித்துக்கொண்டது. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. முன்னால் நின்றவரின் டேப்லெட்டில்தான் பாதி வாணவேடிக்கையைப் பார்த்தாள். "டிவியிலயே பாத்திருக்கலாம்டி."

ஊரில் அப்போது காலை ஆறரை. அத்தை வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடச் சொன்னார். அப்புறம் அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வீடியோ கால்தான் எல்லாவற்றிலும் மோசம்: கையைத் தூக்க வேண்டும், திரை எரிய வேண்டும், போதாததற்கு "தெரியுதா? தெரியுதா?" என்று கத்தவும் வேண்டும். கோபித்துக்கொண்டிருப்பார். பரவாயில்லை.

மார்ச் 14, வியாழன்

டிஸ்னியின் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸில் பேன்டாஸ்மிக் என்ற இரவு நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கானோர் உட்காரும் திறந்தவெளி அரங்கு. தண்ணீரைத் திரைபோலப் பீய்ச்சி அதன் மேல் படம் ஓட்டுகிறார்கள். முன் வரிசையில் ஓர் இளைஞர், தலைக்கு மேலே போன். அது தண்ணீர்த் திரைக்கு நேர் நடுவில்.

பெரியவனுக்குக் கோபம். "நான் சொல்லட்டா?" அவன் சொன்னால் சண்டைதான் வரும். நானே குனிந்து, "கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைச்சுக்க முடியுமா? பின்னாடி குழந்தைங்க பாக்குறாங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எடுக்காதே என்று சொல்லவே இல்லை. "ஓ, சாரி" என்று குறைத்தவர், கையையும் தானாகவே இறக்கிக்கொண்டார். எடுப்பது அவர் உரிமை என்று ஒத்துக்கொண்டு பேசினால் முறைக்க அவருக்குக் காரணம் இல்லை. குறைக்க மாட்டேன் என்பவர்களும் உண்டு. அப்போது ஊழியரிடம் சொல்லலாம், நிகழ்ச்சியின் நடுவில் நாமே மல்லுக்கு நிற்பது அந்த வரிசைக்கே தொல்லை.

இந்தக் களேபரத்தில் டிராகன் வந்ததை இவர் பார்க்கவில்லை. பாப்கார்ன் வாங்கப் போயிருந்தார்.

நாளைக்கு யூனிவர்சல் பூங்கா. அங்கே வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு, மெட்டல் டிடெக்டரைத் தாண்டித்தான் போக வேண்டுமாம். போனுக்கு வழியே இல்லை. பெரியவன் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

"லாக்கர் எதுக்குடா, நான்தான் ஏறப் போறதில்லையே, எங்கிட்ட குடுத்துட்டுப் போ" என்கிறாள் அம்மா.

அவளிடம் கொடுத்தால் திரும்பி வருவதற்குள் சார்ஜ் காலியாகியிருக்கும் என்கிறான் அவன்.