பெயர் இல்லாத பதிவேடும் 1833இன் நட்சத்திரங்களும்: கொலாஜ் வேலை இதுவரை

கறுப்பின அமெரிக்கர்களின் மூதாதையர் நினைவை வைத்து ஏ3 அளவில் ஒரு காகித கொலாஜ், அதாவது தாள், துணித் துண்டுகளை அடுக்கி ஒட்டும் படம், செய்துகொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

அடி அடுக்குதான் இதற்கு உயிர். அமெரிக்காவின் 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் உரிமையாளருக்குப் பெயர் உண்டு. அவருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று வெறும் வரிசைதான். அடிமைப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெயரோடு பதிவானது 1870இல். வம்சத்தைத் தேடிப்போகும் கறுப்பினக் குடும்பங்கள் பலவும் அந்த வருடத்தோடு முட்டி நிற்பது இதனால்தான். அந்த அட்டவணையின் கோடுகளையும் எண்களையும் மெல்லிய தாளில் இந்தியன் இங்க்கால் எழுதினேன். அந்த மை காய்ந்தபின் கரையாது என்பதால் டீ டிகாஷனில் தைரியமாக நனைக்கலாம். அப்புறம் உலர்த்தி, மைதாப் பசையால் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளில் ஒட்டினேன். 34, பெண், கறுப்பு. 2, ஆண், கறுப்பு. இப்படி எழுதிக்கொண்டே போவது சுலபமாக இல்லை.

மேல் அடுக்குக்கு வழிகாட்டியவர் ஹாரியட் பவர்ஸ். 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1890களில் துணித்துண்டுகளை வெட்டிவைத்து அவர் தைத்த போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பைபிள் கதைகளுக்கு நடுவே ஒரு கட்டத்தில் 1833 நவம்பர் 13இன் எரிநட்சத்திர மழை. அவர் பிறப்பதற்கு முன் நடந்தது. பெரியவர்கள் சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். உலகம் முடிந்தது என்று மக்கள் நடுங்கியதாகவும், கடவுளின் கை நட்சத்திரங்களைத் தடுத்ததாகவும் அந்தக் கட்டத்துக்கு விளக்கம் இருக்கிறது. பிறந்த தேதி எழுதிவைக்கப்படாத பலர் ‘நட்சத்திரம் விழுந்த வருஷம்’ என்றுதான் வயதுக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த வேலையின் மையமே அதுதான்.

வானத்துக்கு அவுரி நீலம் ஏற்றிய தாள். 18ஆம் நூற்றாண்டில் தென் கரோலினாவில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பயிர் அது, அதனால் வேறு நீலம் மனதுக்கு ஒப்பவில்லை. நட்சத்திரங்கள் பழைய பருத்தித் துணி. ஊசியால் முதலில் துளையிட்டுக்கொண்டு பிறகு நூல் கோத்தால் தாள் கிழிவதில்லை.

முகங்களுக்குப் புகைப்படம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். 1850இல் லூயிஸ் அகாசி என்ற ஹார்வர்ட் விஞ்ஞானி தன் இனக் கொள்கைக்காக அடிமைகளை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுக்க வைத்தார். அப்படிப்பட்ட படங்களை வெட்டி ஒட்ட மனம் வரவில்லை. கறுப்புத் தாளில் பக்கவாட்டு உருவங்கள் மட்டும்.

இனி வலது ஓரம். அங்கே 1870இன் பெயர்ப் பத்தி வரும். அதற்குக் கையால் செய்த பருத்திக் காகிதம் வாங்கிவைத்திருக்கிறேன்.