திருகாணி எந்தப் பக்கம் திரும்பும்?

கழுத்து வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். தேதி, படிவம், கட்டணம் எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. என்னைத் திருப்பி அனுப்பியது 19 ஆண்டுகளாகக் காதில் கிடந்த ஏழுகல் தோடு.

உலோகம் எதுவும் அணிந்து வரவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வளையல், சங்கிலி, மெட்டி வரை கழற்றி வைத்தேன். தோட்டை யார் நினைத்தார்கள்? காதோடு பிறந்ததுபோல அல்லவா இருந்தது! "கழற்றுங்கள், இல்லையென்றால் வேறு தேதி" என்றார் முகப்பில் இருந்த பெண். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே என்று வாதாடிப் பார்த்தேன். "தண்டில் என்ன கலந்திருக்கிறதோ, சூடேறலாம். பக்கத்தில் உலோகம் இருந்தால் கழுத்துப் படமும் கெட்டுப்போகும்" என்று படமெடுப்பவர் பொறுமையாக விளக்கினார். அது நியாயம். முகப்புப் பெண் பேனாவால் கடிகாரத்தைத் தட்டிக் காட்டியதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

நடைவழி நாற்காலியில் நான் உட்கார, கணவர் எதிரே குனிந்து, தோட்டைப் பின்னால் பூட்டியிருக்கும் திருகாணியை, பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் இடப்பக்கமாகத் திருகினார். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருகினார். காது மிளகாய்ப்பழமாகியதுதான் மிச்சம். அடுத்த தேதி 3 வாரம் கழித்து. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வரை ரயிலில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் நகை பழுதுபார்க்கும் வயதான பத்தர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காதின் பின்புறத்தைப் பார்த்தார்.

"யாரம்மா இதை இப்படி இறுக்கியது?"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. காதுக்குப் பின்னாலிருந்து பார்த்தால்தான் திருகாணி இடப்பக்கம் கழலும். முகத்துக்கு எதிரே நிற்பவருக்கு எல்லாம் தலைகீழ். என் வீட்டுக்காரர் அத்தனை நேரமும் உயிரைக் கொடுத்து இறுக்கியிருக்கிறார்!

பத்தர் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, 10 நிமிடம் காத்திருக்கச் சொன்னார். பிறகு முன்பக்கக் கல்லை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, திருகாணியைக் கால் சுற்று அங்கும் கால் சுற்று இங்குமாக ஆட்டினார். இடது தோடு வந்துவிட்டது. திருகு வரிகளான மரைக்குள் சோப்பும் எண்ணெயும் வியர்வையும் கலந்து கறுப்பு மெழுகாக இறுகியிருந்தது. பார்க்கவே வெட்கமாகிவிட்டது. வலப்பக்கம் மரையே நசுங்கியிருந்தது. 22 கேரட் தங்கம் மிருதுவானது, முரட்டுத்தனம் தாங்காது. திருகாணியை நறுக்கித்தான் எடுத்தார், புதியது செய்து தந்தார். வீட்டில் தயவுசெய்து குறடு எடுக்காதீர்கள்.

துளை தூர்ந்துவிடக்கூடாதே என்று இடையில் தள்ளிப் பூட்டும் சிறிய கம்மல் வாங்கினேன். பின்னால் பட்டாம்பூச்சிபோல் மடிந்த தகடு நான்காம் நாளே பீஷான் நிலையக் கூட்டத்தில் எங்கோ விழுந்தது. அதன்பின் சிலிக்கோன் அடைப்பான்தான். மகளின் காது வளையத்தையும் போட்டுப் பார்த்தேன். கம்பி முனை பள்ளத்தில் உட்கார்ந்து 'டக்' என்று கேட்காவிட்டால் பூட்டவில்லை என்று அர்த்தம்.

தோட்டை மறுபடி போடும்போது பத்தர் சொன்ன உத்தி கைகொடுத்தது. திருகாணியை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றினால், மரை சேரும் இடத்தில் லேசாக ஒரு படி இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து இறுக்கினால் கோணாது. இடது, வலது திருகாணிகளை மாற்றிவிடக்கூடாது. கையால் செய்தவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. கைகழுவும் தொட்டிக்கு மேலே நின்று இந்த வேலை வேண்டாம், மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் 3 வாரம் கழித்து ஒழுங்காக நடந்தது. அன்று மாலை கண்ணாடி முன் தோட்டோடு உட்கார்ந்தேன். கணவர் உதவட்டுமா என்று எதிரே வந்தார். பின்னால் போய் நிற்கச் சொன்னேன்.